டின் வரிசை

எங்கள் கடைத்தெருவில் மனிதர்கள் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. டின்கள்தான் நிற்கும். மாவு அரைக்க வருகிறவர்கள் தானியம் நிரப்பிய டின்னைக் கொண்டுவந்து, முன்னால் இருக்கிற டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கடை கடையாகச் சுற்றப் போய்விடுவார்கள். பெயிண்ட் டின், எண்ணெய் டின், மூடி தொலைந்து தட்டைக் கவிழ்த்து மூடிய டின் என்று மில் வாசலில் தொடங்கி, ஜவுளிக்கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, மாடியில் இருக்கிற என் தையல் கடைப் படிக்கட்டு வரைக்கும் நீளும். டின் இருக்கிற இடத்தில் அதன் ஆள் நிற்பதாக அர்த்தம். யாரும் யாருடைய டின்னையும் முந்தமாட்டார்கள். நாய் உருட்டிவிட்டால்கூட, அந்தப் பக்கம் போகிறவர் சிந்தினதை அள்ளிப் போட்டு, டின்னை அதே இடத்தில் வைத்து, நாயை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போவார்.

மில்லை நடத்தியது ஒரு புருஷனும் பொண்டாட்டியும். பெரிய மிஷின் மில்லுக்காரருடையது, சின்ன மிஷின் மில்லுக்காரியுடையது. அவர் பேச ஆரம்பித்தால் கல் வெறுமனே சுற்றும். அவளும் வாயாடிதான், ஆனால் அவள் பேசும்போது கல் ஒரு சுற்றுகூட வீணாகாது. ஒரு கை தானியத்தைத் தள்ளும், இன்னொரு கை விழுகிற மாவைக் கட்டைவிரலால் தேய்த்து நைசு பார்க்கும், வாய் மட்டும் தெருவோடு இருக்கும். மாவு வந்து விழுகிற துணிக்குழாய் நான் தைத்துக் கொடுப்பது. அது கிழிந்தால், "அடியே தையக்காரி, மிஷினுக்கு மூக்கு கிழிஞ்சிருச்சுடி" என்று அங்கிருந்தே கத்துவாள். நான் ஊசியோடு ஓடுவேன்.

வீடு மில்லுக்குப் பின்கட்டிலேயே. மதியச் சாப்பாட்டுக்கு அவளுடைய அண்ணன் அங்கே வந்துவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், நகராட்சித் தலைவர். தெருவில் அவருக்கு 'ரிப்பன்' என்று பெயர். தண்ணீர்க் குழாய்க்குப் புதுத் திருகு போட்டாலும் ரிப்பன் கட்டி வெட்டித்தான் திறப்பார். முகத்துக்கு முன்னால் எல்லாரும் 'தலைவரே' என்பார்கள், மில்லுக்காரர் மட்டும் 'மச்சான்' என்பார். தேர்தல் சமயத்தில் மச்சானுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், அந்த வாரம் முழுக்க மில்லில் சைகையால் பேசிக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஒரு வாரம் பெரிய மிஷினிலும் வேலை ஒழுங்காக நடந்தது.

அப்படி இருந்தபோதுதான் அரசாங்க நிதி வந்தது. பழைய கடைத்தெருக்களுக்கு ஆட்கள் வருவது குறைந்துகொண்டே போகிறதாம், அதைச் சரி பண்ணுகிற நகராட்சிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்குமாம். பாதி முதலில். வேலை முடிந்ததும் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், ஜனங்கள் நிஜமாகவே வந்து போகிறார்கள் என்றால் மீதி. அந்த மீதியில் காய்கறிச் சந்தைக்குக் கூரை போடுவதாக ரிப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்கு ஒழுகுகிற அந்தக் கூரையைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

நகராட்சி மண்டபத்தில் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, சுவரில் ஒரு பெரிய படத்தை மாட்டினார்கள். தெரு பூராவும் வழவழவென்று தரைக்கல், இரண்டு பக்கமும் மரம், பெஞ்சு, வளைந்த கழுத்தோடு விளக்குக் கம்பம். வண்டியே கிடையாது. ஜோடி ஜோடியாக ஆட்கள் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இந்தப் படத்துல ஒருத்தர் கையிலயும் பை இல்லையே. எந்த வீட்டுச் சனம் இது? கடைத்தெருவுக்கு வெறுங்கையோட வந்துட்டு வெறுங்கையோட போறாங்க?"

மண்டபமே சிரித்தது. ரிப்பனும் சிரித்தார். "தையக்காரம்மா, இது படம். பையெல்லாம் பின்னால வரும்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று இன்றுவரை தெரியவில்லை. "மில்லு என்ன ஆகும்? தலைவர் தங்கச்சி மில்லாச்சே, அதை யாரு தொடுவாங்க?"

ரிப்பன் முகம் ஜிவ்வென்று சிவந்தது. பேர் கெட்டுவிடக்கூடாது என்பதில் அந்த மனிதருக்கு ஒரு பைத்தியம். எழுந்து நின்று மேஜையில் ஓங்கித் தட்டினார். "யாரு சொன்னது? மில்லுதான் முதல்ல போகும்! தூசி, சத்தம், நடைபாதையெல்லாம் டின்னு. பழைய பஸ் டிப்போவுக்குப் பக்கத்துல கொட்டகை போட்டுக் கொடுத்துடுவோம். என் தங்கச்சின்னா ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா?"

அந்த நிமிஷம்வரை அவருக்கே அப்படி ஒரு யோசனை இருந்ததில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் மண்டபம் கைதட்டியது. ஜவுளிக்கடைக்காரர் எழுந்து நின்றே தட்டினார், அவருடைய வெள்ளைத் துணியில் இனி மாவு படியாதே. கைதட்டல் விழுந்த பிறகு சொன்னதை விழுங்குகிற ஆளா ரிப்பன்! எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில்லுக்காரி கையைத் தட்டவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் துணிக்குழாய் மாட்ட நான் மில்லுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் ரிப்பன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அரைத்த மாவில் சுட்ட ரொட்டி, இரண்டு அவித்த முட்டை. எதுவும் நடக்காததுபோல ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மில்லுக்காரர் கையைக் கழுவிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க தலைவரே," என்றார்.

ரிப்பன் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றுவிட்டது. "என்ன மாப்ள, புதுசா தலைவரேங்கறீங்க?"

"வேற என்ன சொல்றது? மச்சானா இருந்தா நேத்து ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருப்பாரு."

"மாப்ள, என் நிலைமையைக் கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. சொந்தத் தங்கச்சி மில்லை விட்டுட்டு நான் அடுத்தவன் கடையில கை வைக்க முடியுமா?"

"அடுத்தவன் கடை எதுல கை வச்சீங்க? சொல்லுங்க, கேப்போம். ஜவுளிக்கடை போகுதா? மருந்துக்கடை போகுதா? எங்க ரெண்டு பேரை மட்டும் தூக்கிக் கொண்டுபோய் டிப்போப் பக்கம் வைக்கிறீங்க. உங்க நேர்மையைக் காட்டறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா?"

"அங்க நல்லா காத்து வரும் மாப்ள..."

"மாவு மில்லுக்கு எதுக்குக் காத்து? அரைக்கறதெல்லாம் பறந்து போறதுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துணிக்குழாய்க்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். மில்லுக்காரி இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்பை டொக்கென்று வைத்தாள். "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க. ரொட்டி ஆறினா வார்மாதிரி இழுக்கும்."

"பாப்பா, நீயாவது சொல்லு..." என்றார் ரிப்பன்.

"நான் என்னண்ணே சொல்ல? நேத்து எல்லாரும் கை தட்டினப்ப உன் முகத்தைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

ரிப்பன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மில்லுக்காரியும் விடவில்லை, தினமும் மதியம் டிபன் கேரியரைக் கட்டி நகராட்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவாள். மில்லுக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். சரியாக அந்த நேரத்துக்குச் சுவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "தலைவருக்குச் சாப்பாடு போயிருச்சா?" சுவர் பதில் சொல்லாது, இவள்தான் "போயிருச்சு, போயிருச்சு" என்பாள். "முட்டை வச்சியா?" என்று சுவரிடமே அடுத்த கேள்வி போகும்.

வேலை தொடங்கியது. தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிளந்து போட்டார்கள். வெயில் காலம் முழுக்கப் புழுதி, அது முடிந்ததும் மழை, குழியெல்லாம் தண்ணீர். கடைக்குள் வர பலகை போட்டார்கள், பலகையில் நடக்கத் தெரியாத ஒரு தடித்த அம்மா என் கடை வாசலில் சேற்றுக்குள் உட்கார்ந்து, எழுந்திருக்காமலே எனக்கு ஜாக்கெட் அளவு சொன்னார். ஆனால் நியாயத்தைச் சொல்லவேண்டும். சாக்கடையை மூடினார்கள், நாற்றம் போனது. கழிவறை கட்டினார்கள், பெண்கள் எல்லாரும் மனதார வாழ்த்தினோம். விளக்குக் கம்பங்கள் எரிந்தபோது இருட்டின பிறகும் என்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடிந்தது. ரிப்பன் திருடவில்லை, ஏமாற்றவில்லை. வாங்கின காசுக்கு வேலை நடந்தது, அதை யாரும் மறுக்க முடியாது.

மில் மட்டும் டிப்போப் பக்கம் போய்விட்டது. இரண்டு மிஷினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் டின்னைச் சுமந்துகொண்டு யார் நடப்பார்கள்? எல்லாரும் பாக்கெட் மாவுக்கு மாறினார்கள். டிப்போ ஆட்கள் எப்போதாவது அரைக்க வருவார்கள். மில்லுக்காரருக்குப் போகப் போக அந்த இடம் பிடித்துவிட்டது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மரம், மரத்துக்கு அடியில் ஒரு கட்டில். மதியம் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். "நிம்மதி" என்பார், பார்க்கிறவர்களிடமெல்லாம். அவர் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை, அதனால் 'நிம்மதி' என்பதையே நீட்டி நீட்டிச் சொல்வார்.

மில்லுக்காரி ஒருநாள் என் கடைக்கு வந்து முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கையில் மாவு இல்லை, புருவத்தில் மாவு இல்லை. யாரோ மாதிரி இருந்தாள்.

"எனக்குத்தாண்டி நிம்மதி இல்ல," என்றாள். "காலையில எழுந்தா வீட்டுல ஒரு சத்தம் இல்ல. கல்லு சுத்தற சத்தம் கேக்காம எனக்குப் பசிக்கவே மாட்டேங்குது. அவரு அங்க மரத்தடியில, அண்ணன் இங்க ஆபீசுல. நடுவுல கேரியரைத் தூக்கிக்கிட்டு நான். இப்படியே விட்டா மில்லும் இல்ல, அண்ணனும் இல்லன்னு ஆயிடும்டி."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லேன், திரும்பி வரலாம்னு."

"சொன்னேனே. 'தலைவர் போன்னா போகணும், வான்னா வரணுமா? என்னைப் பார்த்தா ரப்பர் பந்து மாதிரியா இருக்கு?'ங்கறாரு. அவருக்கும் இங்க வரணும்னு ஆசைதாண்டி. ரோஷம்."

தெருத் திறப்பு விழா நடந்தது. நீளமான ரிப்பன், நீளமான பேச்சு. மறுநாள் காலையில் நான் ஜன்னலைத் திறந்து பார்த்தால், அந்தப் படத்தில் இருந்த தெரு அப்படியே எதிரே இருக்கிறது. மரம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, ஜோடி ஜோடியாக நடக்கிறவர்கள்தான் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். ஜவுளிக்கடைக்காரர் வாசலில் நின்று ஈ ஓட்டினார், ஈயும் சலித்துப்போய் மருந்துக்கடைக்குப் போனது.

"தையக்காரம்மா," என்று ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார் ஜவுளிக்கடைக்காரர். "டின்னை வச்சிட்டு நேரம் போகலைன்னுதான் எல்லாரும் என் கடைக்குள்ள வந்திருக்காங்கபோல. சும்மா பார்க்க வர்றவங்க, பார்த்துட்டு எதையாவது வாங்கிட்டுப் போயிருக்காங்க. நான் என்னமோ என் துணி ராசின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"எழுந்து நின்னு கை தட்டினீங்களே அண்ணாச்சி."

"அதைத்தான் இப்ப தினமும் நினைச்சுப் பார்க்கறேன். தட்டறதுக்கு எனக்கு ரெண்டு கை எதுக்குக் கொடுத்தான்னு."

அதற்கு மேல் அவரைக் குத்திக்காட்ட எனக்கே மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் ரிப்பன் என் கடைப் படியேறி வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குகிறது என்று சாக்கு. பொத்தான் நன்றாகத்தான் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே திருகினார்.

"அடுத்த வாரம் அதிகாரிங்க வர்றாங்க. தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கான்னு பார்க்கறதுக்கு. இப்படி இருந்தா மீதிப் பணம் வராது. சந்தைக்குக் கூரை கிடையாது. ஊரே என் மூஞ்சில காறித் துப்பும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீங்க பாப்பாகிட்ட..." என்று இழுத்தார். கண் கலங்கிவிட்டது. "அந்த வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கேரியருல வர்ற சோத்துக்கு ருசியே இல்லம்மா. அதே கைதான் சமைக்குது, அதே சோறுதான், தொண்டையில இறங்க மாட்டேங்குது."

எனக்கு மனசு இளகிவிட்டது. கோபமும் வந்தது. "இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க. மாப்ள, தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை. வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்லிடுவேன். ஆனா அந்தக் கூட்டத்துல தட்டினாங்களே, அவங்க என்ன நினைப்பாங்க? தங்கச்சிக்காகத் தலைவர் இறங்கி வந்துட்டாருன்னு..."

"தட்டினவங்க எல்லாம் இப்ப ஈ ஓட்டிக்கிட்டிருக்காங்க, போங்க!" என்றேன். ஆனால் அவர் போய்ச் சொல்லவில்லை.

இதை நான் அப்படியே மில்லுக்காரியிடம் ஒப்பித்தேன். சோற்று விஷயத்தையும் விடவில்லை. அவள் கேட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ரெண்டு ஆம்பளைங்களும் ரோஷத்தைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கட்டும். சின்ன மிஷின் என்னுது. நான் கொண்டு வர்றேன்." நகராட்சியிடம் கேட்கவும் இல்லை, புருஷனிடம் கேட்கவும் இல்லை. மறுநாளே ஒரு தள்ளுவண்டியில் சின்ன மிஷினை ஏற்றிக்கொண்டு தெரு முனைக்கு வந்து நின்றாள். தெருவுக்குள் வண்டி வரக்கூடாது என்று ரிப்பன் குட்டை குட்டையாகக் கான்கிரீட் தூண் நட்டு வைத்திருந்தார். தள்ளுவண்டி இரண்டு தூணுக்கு நடுவில் உரசிக்கொண்டு நுழைந்தது. நுழைந்த வேகத்தில் ஒரு சக்கரம் வளைந்துபோய், பூட்டிக் கிடந்த பழைய மில் வாசலுக்கு நொண்டிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. மிஷினை இறக்க ஜவுளிக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடி வந்தார்.

கல் சுற்றுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. யாரும் சொல்லிவிடவில்லை. மத்தியானத்துக்குள் முதல் டின் வந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. பளபளவென்ற தரைக்கல்லில் டின்னை வைக்க ஜனங்களுக்குக் கூச்சம். அழுக்குப் படியுமே என்று பெஞ்சின் மேல் தூக்கி வைத்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் அப்படியே செய்ய, தெரு முழுக்க பெஞ்சில் டின் உட்கார்ந்திருந்தது. ஆட்கள் கடைக்குள் இருந்தார்கள்.

அதிகாரிகள் வந்த அன்று கூட்டம் கேட்கவே வேண்டாம், வாரக் கடைசி வேறு. தட்டையான செருப்பு போட்ட ஒரு அம்மாதான் பெரிய அதிகாரி. ரிப்பன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். என் ஜன்னலுக்கு நேர் கீழே வந்ததும் அந்த அம்மா கால் வலிக்கிறது என்று ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்காரப் போனார். கோதுமையோடு வந்திருந்த ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அம்மா, உங்க டின் எங்க?"

"டின்னா? எங்கிட்ட டின் எதுவும் இல்லையே."

"அப்ப நீங்க வரிசையில இல்லையா? கொஞ்சம் தள்ளிக்குங்க, இது என் டின்னோட இடம். நான் பால் வாங்கிட்டு வந்துடறேன்." சொல்லிவிட்டு டின்னைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ரிப்பனுக்கு உயிர் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அதிகாரி அம்மா அந்தப் பெஞ்சைப் பார்த்தார், அடுத்த பெஞ்சைப் பார்த்தார். "ஆளுங்க எங்க?" என்று கேட்டார்.

"கடைக்குள்ள இருக்காங்கம்மா!" என்று நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். "ஒவ்வொரு கடையா எட்டிப் பாருங்க!"

எட்டிப் பார்த்தார். ஜவுளிக்கடையில் நுழைய இடம் இல்லை. மருந்துக்கடையில் முழங்கை இடித்தது. திரும்பி வந்தபோது அந்த அம்மா முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. "நாங்க கொடுத்த பணத்துல டின்னுங்க சொகுசா உட்கார்ந்திருக்குதுங்க," என்றார். "பரவாயில்ல. பணம் கொடுத்தது இப்படிக் கூட்டம் வரணும்னுதான். இந்த மில்லு யாரோடது?"

ரிப்பன் கூட்டத்தைப் பார்த்தார். சுற்றிலும் ஜனம் நின்றது. நான் ஊசியைக் குத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இந்த ஆள் இப்போது மழுப்பினால் மேலேயிருந்து கத்தரிக்கோலைப் போடுவது என்று இருந்தேன்.

"என் தங்கச்சி மில்லுங்க," என்றார் ரிப்பன். எல்லாருக்கும் கேட்டது. "கூடப் பிறந்த தங்கச்சி. சொந்தக்காரங்களுக்குச் சலுகைன்னு பேர் வந்துடுமோன்னு நானே இதைத் தூக்கி ஊருக்கு வெளியே போட்டேன். தப்பு. மில்லு இங்கதான் இருக்கும். பேசறவங்க பேசிக்கட்டும்."

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அவசரமாக அவரவர் டின்னைப் பார்க்கத் திரும்பியிருந்தார்கள், ஏனென்றால் அந்த நேரம் பார்த்து மில்லுக்குள் பட்டென்று ஒரு சத்தம். சின்ன மிஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. அத்தனை டின்னையும் அந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும்? மில்லுக்காரி அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகம் தொங்கிப் போயிருந்தது. நான் போனை எடுத்து மில்லுக்காரரைக் கூப்பிட்டேன்.

"உங்க பொண்டாட்டி நடுத்தெருவுல ஒத்தையா நிக்கறா. மச்சான் ஊருக்கு முன்னால தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. நீங்க நிம்மதியா கட்டில்ல படுத்திருங்க." வைத்துவிட்டேன்.

பெரிய மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்ற ஆகிற நேரம்கூட ஆகவில்லை, லாரி தெரு முனையில் வந்து நின்றது. அப்படியென்றால் அந்த மனிதர் முன்கூட்டியே கழற்றித் தயாராக வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். திருட்டு மனுஷன்! ஆனால் தூணைத் தாண்டி லாரி வராது, தள்ளுவண்டிக்குச் சக்கரம் கோணல். ஆளுக்கு ஒன்றாக மோட்டார், சட்டம், பெல்ட் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசியில் கல் மட்டும் லாரியில் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி, கம்பு கோத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் சுமக்கவேண்டும். கல் கீழே விழுந்து விளிம்பு போனால் மில் போனதற்குச் சமம். ஜனம் எல்லாம் ஒரு அடி பின்னால் போனது.

மில்லுக்காரர் கம்பின் முன்நுனியைத் தோளில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றார். ரிப்பன் சட்டைக் கையை மடித்தார். பின்நுனியைத் தூக்கினார்.

"இடது பக்கம் வாங்க," என்றார் மில்லுக்காரர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

"வர்றேன், நீங்க வேகத்தைக் குறைங்க."

"நான் வேகமா போகல, நீங்கதான் தொங்கறீங்க. ஆபீசுல உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு போயிருச்சு."

"உங்களுக்கு மட்டும் என்ன, மரத்தடியில படுத்துப் படுத்துத் தொப்பையைப் பாருங்க!"

"பார்த்து, பார்த்து... தரைக்கல்லு வழுக்குது. எவன் போட்டான் இதை?"

"நான்தான் போட்டேன்."

"தெரியும், அதனாலதான் கேட்டேன். நில்லுங்க. மூச்சு வாங்கிக்குங்க மச்சான்."

ரிப்பன் நின்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தோளிலிருந்த கம்பு லேசாக ஆடியது, நான் மேலேயிருந்து பார்த்தேன். "சரி மாப்ள," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுபடி தூக்கினார்கள். தெரு முழுக்க வழி விட்டது, அதிகாரி அம்மாவும் ஒதுங்கி நின்று பார்த்தார். வாசலைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, கல்லை இடத்தில் இறக்கும்வரை ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நானும் படி இறங்கி ஓடினேன்.

கல் உட்கார்ந்தது. மில்லுக்காரர் இரண்டு கையாலும் அதைத் தடவிப் பார்த்தார். ரிப்பனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மில்லுக்காரி சுவரோரம் இருந்த சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி, வாயைத் திறந்து அழுகிறாள். இரண்டு ஆண்களும் பதறிப்போனார்கள்.

"என்ன பாப்பா? கால்ல ஏதும் பட்டுடுச்சா?"

"ஏய், இப்ப எதுக்கு அழுவுற? அதான் எல்லாம் சரியாயிடுச்சே!"

"சரியானதால தான் அழுறேன்!" என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தப்ப எனக்கு அழறதுக்கு நேரம் எங்க இருந்துச்சு? அவரைப் பார்க்கணும், உன்னைப் பார்க்கணும், ரெண்டு பேருக்கும் தனித்தனியா சமைக்கணும். இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு, அழவிடுங்க."

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மாவுத் தூசி என்று துடைத்துக்கொண்டேன். இரண்டு மச்சினன்மாரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு அவளுக்கு ஒரு பக்கம் ஒருவராக நின்றார்கள். வாசலில் பால் பையோடு நின்ற கோதுமைக்காரப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அக்கா, நல்லா அழுங்க, வேண்டாங்கல," என்றாள். "முடிச்சதும் என் கோதுமையைக் கொட்டிடுங்க. வீட்டுல எல்லாரும் பசியோட இருக்காங்க."

மில்லுக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டின்னை வாங்கினாள்.